பீரும் இல்லை, பிரஷரும் இல்லை!

மத்தியானம் மூன்று மணி இருக்கும். சமையலறை வேலை ஓய்ந்து, மாமியாரும் நானுமாகக் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பையனின் கிளாஸ் டீச்சர்! கையெல்லாம் கீரையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அங்கேதான் வந்தது வினை.

"மேடம், உங்க பையனும் இன்னும் மூணு பசங்களும் லஞ்ச் பெல்லுக்கு அப்புறம் கிளாஸுக்கு வரலை. கொள்ளிடக்கரைக்குப் போயிருக்காங்க. எங்க வாட்ச்மேன் தேடிப் போய்க் கூட்டிட்டு வந்துட்டார். பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகலை."

கொள்ளிடம் என்றதுமே எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. திருச்சிக்காரர்களுக்குத் தெரியும். மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர் மாதிரி இருக்கும். மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறதென்று இறங்கிய பிறகுதான் தெரியும். என் பிள்ளைக்கு நீச்சல் தெரியாது.

"அவன் அப்படிப்பட்ட பிள்ளை இல்லையே டீச்சர்!" என்றேன்.

"நல்ல பையன்தான் மேடம். ஆனா ஒன்பதாங் கிளாஸ் பாருங்க, இந்த வயசுல பீர் பிரஷர் ஜாஸ்தி. கொஞ்சம் கவனிச்சுக்குங்க."

போனை வைத்துத் திரும்பினால், மாமியார் கையில் கீரைக் காம்போடு அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

"ஏம்மா, பீரும் பிரஷருமா? பதினாலு வயசுப் புள்ளைக்கா?"

"ஐயோ அத்தை, அந்தப் பீர் இல்லை, இது வேற பீர்!" என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. சாயங்காலம் பையன் செருப்பைக் கழற்றும் முன்பே வாசலில் நிறுத்தி, "வாயை ஊதுடா ராசா" என்றார். அவன் திருதிருவென்று விழித்துக்கொண்டே ஊதினான். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவன் கண்ணை உற்று உற்றுப் பார்த்தார். அதோடு விட்டாரா? தன்னுடைய பிரஷர் மெஷினை எடுத்து வந்து அவன் கையில் பட்டையைச் சுற்றி பட்டனையும் அமுக்கிவிட்டார். நூற்றுப் பத்து, எழுபது! "பிரஷர் சரியாத்தான் இருக்கு" என்று நிம்மதிப் பெருமூச்சு வேறு.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஏன்டா போனே?" என்று கேட்டால், "எல்லாரும் போனாங்க, நானும் போனேன்" என்ற ஒரே பதில். அதற்கு மேல் வாயே திறக்கவில்லை. ராத்திரி இவர் வந்து அதட்டிப் பார்த்தார். அப்போதும் அதே பதில்தான்.

எனக்கு மட்டும் மனசுக்குள் ஒரு முடிவு வந்துவிட்டது. அந்த நாலு பேரில் ஓர் ஆட்டோ டிரைவரின் மகன் உண்டு. கொள்ளிடக்கரை ஓரத்துக் கிராமத்துப் பையன். சேர்க்கை அவனாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். (இதை இப்போது எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டுமே!)

ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் காலேஜில் படித்த காலத்தில் அப்பா வாங்கிக் கொடுத்த தடித்த டிக்ஷனரியைப் பரணிலிருந்து இறக்கினேன். 'பீர்' என்ற அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம் போட்டிருக்கிறான், பார்த்துவிடலாமே! அன்று தொடங்கிய தேடல் இரண்டு வாரம் ஓடியது. செல்போனிலும் தேடினேன், லைப்ரரிக்கும் போனேன். இவர், "பரீட்சை உனக்கா, அவனுக்கா?" என்று கேலி செய்தார். நான் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

லத்தீன் பாஷையில் 'பார்' என்றால் சமம். அது பிரான்ஸ் வழியாக இங்கிலாந்துக்குப் போய்ப் 'பீர்' ஆகியிருக்கிறது. ஒத்த வயதுக்காரர், ஒத்த தகுதி உள்ளவர், நமக்குச் சமமானவர் என்று பொருள். நம்மூரில் 'சகா', 'சோட்டுப் பிள்ளைகள்' என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். டீச்சர் சொன்ன பீர் பிரஷர் என்பது சோட்டுப் பிள்ளைகள் கொடுக்கும் நெருக்கடி. இதே 'பார்' வம்சத்தில் பிறந்தவைதான் ஜோடியைக் குறிக்கும் 'பேர்' என்ற வார்த்தையும், ஒப்பிட்டுப் பார்ப்பதைக் குறிக்கும் 'கம்பேர்' என்ற வார்த்தையும். செருப்புக் கடையில் "ஒரு பேர் எவ்வளவு?" என்று கேட்கும்போதெல்லாம் நாம் லத்தீன் பேசுகிறோம் என்று யாருக்குத் தெரியும்?

இந்தக் குடும்பத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த உறுப்பினர், கிரிக்கெட் அம்பயர்! 'பீர் அல்லாதவர்', அதாவது ஜோடியில் சேராத மூன்றாம் மனிதர் என்று பொருள்படும் ஒரு பழைய பிரெஞ்சுச் சொல். 'நவும்பியர்' என்பதுபோல ஒலிக்குமாம். 'எ நவும்பியர்' என்று சொல்லிச் சொல்லி அந்த 'ந' நழுவி முன்னால் ஒட்டிக்கொண்டு 'அன் அம்பயர்' ஆகிவிட்டது. இரண்டு பேர் மல்லுக்கு நிற்கும்போது யாருக்கும் ஜோடி இல்லாத ஒருவர் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். என் வீட்டில் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே பதினாறு வருஷமாக நான் பார்க்கும் உத்தியோகம் அதுதான். சம்பளம் மட்டும் கிடையாது.

அதே வம்சத்தில் இன்னொரு சொல், 'டிஸ்பரேஜ்'. இன்றைக்கு அதற்கு இழிவாகப் பேசுவது என்று அர்த்தம். ஆதியில் என்ன அர்த்தம் தெரியுமா? தன் அந்தஸ்துக்குக் குறைந்த இடத்தில் கல்யாணம் செய்துவைப்பது! ஜோடி சமமில்லை என்பதே அவமானமாக இருந்து, அப்புறம் அவமானத்துக்கே அது பெயராகிவிட்டது. சம்பந்தம் பேசும்போது "நம்ம அந்தஸ்துக்கு..." என்று இழுக்கும் பழக்கம் நமக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு சின்னக் குறுக்கீடு. எங்கள் தெருவில் பிளவுஸ் தைக்கும் பாயின் பெயரிலும் 'பீர்' உண்டு. தக்கலையில் அடங்கியிருக்கும் பீர் முகம்மது அப்பாவைத் தெரியாத தென் மாவட்டத்துக்காரர் இருக்க மாட்டார். ஞானப் பாடல்கள் பாடிய பெரியவர். அந்தப் பீர் பாரசீகச் சொல். மூத்தவர், குரு என்று பொருள். உச்சரிப்பு ஒன்று, அர்த்தம் நேர் எதிர். ஒருவர் நமக்குச் சமமானவர், மற்றவர் நாம் பணிய வேண்டியவர். மாமியார் வாசலில் செய்தாரே, உற்று உற்றுப் பார்ப்பது, அதற்கும் ஆங்கிலத்தில் பீர் என்றே பெயர். எழுத்துக்கூட அதேதான். ஆனால் அது தனி வம்சம்.

இனி, சமம் என்று சொல்லிக்கொண்டே யாரையெல்லாம் வெளியில் நிறுத்தினார்கள் என்ற கதைக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான்.

லண்டனில் பிரபுக்கள் சபை இருக்கிறதல்லவா? அதன் அங்கத்தினருக்குப் பெயர் பீர். டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், பேரன் என்று ஐந்து படி. யார் முன்னால் நடப்பது, யார் பின்னால் நடப்பது என்பதற்கெல்லாம் சம்பிரதாயம் வைத்துக்கொண்டு, மொத்தமாகத் தங்களுக்குச் 'சமமானவர்கள்' என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். 1919-இல் நம் நாட்டு எஸ். பி. சின்ஹாவுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது. சபைக்குள் போன முதல் இந்தியர் அவர்தான். ஆனால் பெண்களுக்கு? ரோண்டா சீமாட்டி என்று ஒரு அம்மாள். அப்பாவுக்கு ஆண் வாரிசு இல்லாததால், 1918-இல் அவர் காலமானதும் பட்டம் முறைப்படி மகளுக்கு வந்தது. பட்டம் உண்டு, சபையில் நாற்காலி மட்டும் இல்லை! வழக்காடிப் பார்த்தார். 1922-இல் முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். விடாமல் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் போராடினார். 1958-இல்தான் பெண்களும் உட்காரலாம் என்று சட்டம் வந்தது. முதல் பெண்மணிகள் சபைக்குள் காலெடுத்து வைப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, அதே வருஷம் ஜூலையில் அவர் கண்ணை மூடிவிட்டார். பட்டத்தை வாரிசாகப் பெற்ற பெண்களுக்குக் கதவு திறக்க 1963 வரை ஆயிற்று.

அதைவிடப் பழைய கதை மாக்னா கார்ட்டா. 1215-இல் ஜான் ராஜாவைப் பிரபுக்கள் மடக்கி வாங்கிய உரிமைப் பத்திரம். பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்விக்காக உருப்போட்டிருப்போம். சுதந்திர மனிதன் எவனையும் அவனுக்குச் சமமானவர்களின் தீர்ப்போ நாட்டின் சட்டமோ இல்லாமல் சிறையில் தள்ளக்கூடாது என்று அதில் ஓர் ஷரத்து. அருமையான ஷரத்துதான். உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். அதே பத்திரத்தில் இன்னொரு ஷரத்தும் இருக்கிறது, அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. ஒரு பெண் கொடுக்கும் கொலைப் புகாரை வைத்து யாரையும் கைது செய்யக்கூடாது, செத்தது அவள் புருஷனாக இருந்தாலொழிய! பெற்ற பிள்ளையைக் கண்ணெதிரே ஒருவன் கொன்றாலும் தாயின் புகாருக்கு மதிப்பில்லை. படித்துவிட்டுப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன்.

சமமானவர்கள் தீர்ப்பு என்ற அந்த எண்ணத்தை அடிப்படையாக வைத்துத்தான் ஜூரி முறையைக் கொண்டாடினார்கள். நம்மூரிலும் இருந்ததே! "எங்கப்பா பாகவதர் பக்தர்" என்று மாமியார் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். திருச்சிக்காரர்களுக்குத் தியாகராஜ பாகவதர் சொந்த வீட்டு மனுஷர். 1944-இல் நடந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் மாட்டிக்கொண்டபோது, சென்னை ஹைகோர்ட்டில் ஒன்பது ஜூரிகள். ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். 1945-இல் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், திரும்பவும் இங்கே அப்பீல் விசாரணை நடந்து, 1947-இல் இருவரும் விடுதலையானார்கள். ஆனால் பாகவதரின் பழைய பவிஷு திரும்பவில்லை. 1973-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் கொலை வழக்குகளுக்கு ஜூரி என்பதே கிடையாது.

அமெரிக்காவில் ஜூரி இன்றும் உண்டு. அங்கே ஐயோவா மாகாணத்தில் நடந்த ஒரு வழக்கைத்தான் உங்களிடம் சாவகாசமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1900-ஆம் வருஷம் டிசம்பர் மாதம். இண்டியனோலா என்ற ஊருக்குப் பக்கத்துப் பண்ணை வீட்டில் ஹோஸாக் என்ற விவசாயி, படுக்கையில் தூங்கும்போது கோடாலியால் வெட்டப்பட்டார். பக்கத்திலேயே படுத்திருந்த மனைவி மார்கரெட், யார் வெட்டினார்கள் என்று பார்க்கவில்லை என்றாள். அவளையே கைது செய்தார்கள். ஜூரியில் அத்தனை பேரும் ஆண்கள். ஏனென்றால் பெண்கள் அப்போது அங்கே ஜூரியில் உட்கார முடியாது. 1901-இல் ஆயுள் தண்டனை விதித்தார்கள். மேல் கோர்ட்டு அதை ரத்து செய்தது. 1903-இல் மறுபடி விசாரணை நடந்தபோது ஜூரிகளுக்குள் ஒத்துப்போகவில்லை. அவள் வீடு திரும்பினாள். யார் கொன்றார்கள் என்பது தீரவே இல்லை.

அந்த வழக்கைப் பத்திரிகைக்கு எழுத வந்த இளம் பெண் நிருபர் சூசன் கிளாஸ்பெல். பல வருஷம் அது அவர் மனசை விட்டுப் போகவில்லை போலும். 1916-இல் அதை வைத்து ஒரு நாடகம் எழுதினார், மறு வருஷம் அதையே சிறுகதையாக்கினார். கதையின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'அவளுக்குச் சமமானவர்களின் ஜூரி'.

கதையில் புருஷன் கழுத்தில் கயிறு இறுக்கப்பட்டுச் செத்துக் கிடக்கிறான். மனைவி ஜெயிலில். போலீஸ் அதிகாரி, வக்கீல், பக்கத்துப் பண்ணைக்காரர் மூவரும் தடயம் தேடி வருகிறார்கள். கூடவே போலீஸ் அதிகாரியின் மனைவியும் பண்ணைக்காரர் மனைவியும். ஜெயிலில் இருப்பவளுக்கு மாற்றுத்துணி எடுக்க வந்தவர்கள். ஆண்கள் மாடிக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் நடையாய் நடக்கிறார்கள். சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு, இங்கே என்ன இருக்கப்போகிறது, பாத்திரம் பண்டம்தானே என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

பெண்கள் இருவரும் அந்தச் சமையலறையில் நிற்கிறார்கள். பாதி துடைத்த மேஜை. பாதி கொட்டிய சர்க்கரை. வெயில் காலமெல்லாம் பாடுபட்டுப் பக்குவம் செய்து வைத்த பழ ஜாடிகள் குளிரில் வெடித்துக் கிடக்கின்றன. ஒட்டுப் போட்டுத் தைத்த ஜமுக்காளத்தில் எல்லாத் தையலும் ஒரு சீராக இருக்க, கடைசித் துண்டு மட்டும் கோணல் மாணல். கை நடுங்கிய ஒருத்தி தைத்தது! உங்களுக்கும் எனக்கும் அது புரியும். பாதி அரைத்த மாவை விட்டுவிட்டு ஒருத்தி எழுந்து போனால், என்ன நடந்ததோ என்று நாம் பதறுவோம். ஆண்கள், "மாவை மூடக்கூட இல்லை பார்" என்பார்கள்.

அப்புறம் ஒரு காலிக் கூண்டு, கதவு உடைக்கப்பட்டு. தையல் பெட்டியில் பட்டுத் துணியில் சுற்றி வைத்த ஒரு குருவி, கழுத்து திருகப்பட்டு. பிள்ளையில்லாத வீட்டில், பேச்சே இல்லாத புருஷனோடு, அவளுக்கு இருந்த ஒரே குரல் அந்தப் பறவைதான். பெண்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஒருத்தி கோணல் தையலைப் பிரித்துச் சரியாகத் தைக்கிறாள். குருவியை ஒளித்துவிடுகிறார்கள். அவர்கள் செய்தது நியாயமா? எனக்கு இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. ஓர் உயிர் போயிருக்கிறதே! ஆனால் பண்ணைக்காரர் மனைவி ஒன்று நினைத்து உருகுகிறாள். பக்கத்திலேயே இருந்தும் இத்தனை வருஷமாக நான் ஒரு நடை வந்து இவளைப் பார்க்கவில்லையே, அதுவும் ஒரு குற்றம்தானே என்று. அந்த இடத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஏனென்றால் எனக்கு ஒரு நடை வந்து பார்த்தவள் இருந்தாள். மகன் பிறந்து இருபது நாள். பால் சரியாகக் குடிக்காமல் ராப்பகலாக அழுகை. மார்பெல்லாம் புண். டாக்டரம்மா சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் அவரைப் பார்த்ததுமே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அம்மாவும் மாமியாரும், "நாங்கள்லாம் வளர்க்கலையா?" என்று அவரவர் காலத்துப் பெருமையைச் சொன்னார்கள். மாடிப் போர்ஷனில் ஒரு பெண், ஆறு மாதக் கைக்குழந்தைக்காரி. ஒரு மத்தியானம் வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. நான் தினம் அழுவேன்" என்றாள். பிள்ளையின் வாய் காம்பை மட்டும் கவ்வாமல் கறுப்பு வட்டத்தையும் சேர்த்துக் கவ்வும்படி, வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி பிடித்துக் காட்டினாள். டாக்டரம்மாவும் அதையேதான் சொல்லியிருந்தார்! ஆனால் 'எனக்கும்' என்ற அந்த ஒரு வார்த்தை அவர் சொல்லக்கூடியதா?

இதற்கு இப்போது வைத்திய உலகில் 'பீர் சப்போர்ட்' என்று பெயர். கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும், மனச்சோர்வில் தவிக்கும் கர்ப்பிணிகளுக்கும் புதுத் தாய்மார்களுக்கும் உதவ, அதே ஊர்ச் சாதாரணப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பிப் பேச வைத்தார்கள். 2019-இல் ஆராய்ச்சி முடிவு வெளியானது. மந்திரத்தில் மாங்காய் விழவில்லை, பலன் மிதம்தான். ஆனாலும் கோவாவில் ஆறு மாதத்தில் சோர்விலிருந்து தேறியவர்கள், இந்தத் துணை கிடைத்த பெண்களில் கூடுதலாக இருந்தார்கள். செலவோ சொற்பம். பிள்ளை பெற்ற பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் காரணமில்லாமல் அழுகை வந்தால், தூக்கம் கெட்டால், பிள்ளை மேலேயே வெறுப்புத் தட்டினால் கட்டாயம் டாக்டரிடம் போக வேண்டும். அதற்குத் தோழி மாற்று இல்லை. ஆனால் டாக்டரிடம் போ என்று முதலில் கையைப் பிடித்து அழைத்துப் போகிறவள் பெரும்பாலும் தோழிதான்.

சரி, என் பிள்ளை விவகாரம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

பீர் பிரஷர் பற்றித் தேடும்போது சாலமன் ஆஷ் என்ற மனோதத்துவப் பேராசிரியரின் சோதனையைப் படித்தேன். 1951-இல் அமெரிக்காவில் செய்தது. ஓர் அறையில் சில காலேஜ் மாணவர்கள். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். எது முதல் கோட்டின் நீளம் என்று சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அந்த அறையில் ஒருவனைத் தவிர மற்ற எல்லாரும் பேராசிரியரின் ஆட்கள். வேண்டுமென்றே எல்லாரும் ஒரே தப்பான பதிலைச் சொல்வார்கள். பாவம், அந்த ஒருவன்! கண்ணுக்கு நேராகத் தெரிவதை விட்டுவிட்டு, நாலில் மூன்று பேர் ஒரு முறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பைச் சொன்னார்கள். எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. கூட்டத்தில் ஒரே ஓர் ஆள் சரியான பதிலைச் சொல்லிவிட்டால் போதும், அவனுக்கும் தைரியம் வந்துவிடும். கூட்டத்தோடு போவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

இதைப் படித்த மறுநாள் மற்ற மூன்று தாய்மார்களுக்கும் போன் செய்தேன். உண்மையைச் சொன்னால், முறையிடத்தான் செய்தேன். முதல் இருவரும் நான் வாயைத் திறக்கும் முன்பே, "எங்க பையன் தானா போக மாட்டாங்க, சேர்க்கைதான்" என்றார்கள். நானும் அதையே சொல்லத்தான் போனைக் கையில் எடுத்திருந்தேன்! அப்புறம் ஆட்டோ டிரைவர் வீடு.

"நானே உங்ககிட்ட பேசணும்னு இருந்தேன் அக்கா," என்றாள் அந்தப் பெண் தயங்கியபடி. "தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க தம்பிதான் ஆத்துக்குப் போலாம்னு கூப்பிட்டுச்சாம். எம் புள்ள வேணாம்னு சொல்லியிருக்கான். போன வருசம் எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் அந்தப் பள்ளத்துல போயிட்டான் அக்கா, அதனால அவனுக்குப் பயம். கரையில நின்னுக்கிட்டு, எவனாச்சும் இறங்கினா நான் கத்திக் கூப்பாடு போடுவேன்னு சொல்லியிருக்கான். அப்புறம் யாரும் இறங்கலையாம். எங்க வீட்டுக்காரர்கூட, பெரிய இடத்துப் புள்ளைங்க சகவாசம் நமக்கு எதுக்குன்னு திட்டினாரு."

எனக்குப் பதில் வரவில்லை. மூன்று வீட்டில் 'சேர்க்கை' என்று சொன்னது என் பிள்ளையைத்தான். பீர் பிரஷர், பீர் பிரஷர் என்று ஊரெல்லாம் தேடினேனே, அந்தப் பிரஷர் என் வீட்டில்தான் தினம் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது!

சாயங்காலம் பையனைத் தனியாக மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். திட்டவில்லை. "யார் கூப்பிட்டது?" என்று மட்டும் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "நான்தாம்மா" என்றான். "எனக்கு நீச்சல் தெரியாதுன்னு அவங்களுக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவன் வேணாம்னு சொன்னதும் உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்துச்சு." பதினாலு வயதுப் பிள்ளை, என் தோள் உயரம் வளர்ந்தவன், அன்றைக்கு என் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாலு பேரும் அண்ணா ஸ்டேடியம் நீச்சல் குளத்துக்குப் போகிறார்கள். நாங்கள் நாலு அம்மாக்களும் ஓரத்து பெஞ்சில். முதல் வாரம் அந்த ஆட்டோ டிரைவர் வீட்டுப் பெண் கொஞ்சம் தள்ளித் தூணோரமாகவே நின்றாள். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்க எனக்கு இரண்டாவது வாரம் வரை ஆயிற்று. அவள் மகனுக்கு நீச்சல் தண்ணீர் பட்ட பாடு. கோச் அவனை என் பையனுக்குப் பக்கத்தில் நிறுத்தி, மிதக்கச் சொல்லிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். கோச் சொன்னால் கால் உதறுகிறவன், இவன் சொன்னால் மிதக்கிறான்!

போன ஞாயிறு மாமியாரும் கூட வந்தார், ஒரு டப்பா முறுக்கோடு. மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குளத்தையே உற்றுப் பார்த்தவர், என்னை இடித்தார்.

"ஏம்மா, அந்தக் கறுத்த புள்ளைதானே அன்னைக்கு வேணாம்னு சொன்னவன்? அவனுக்கு ரெண்டு முறுக்கு கூட வை. நம்ம புள்ளையோட பீரு அவன்தான்."